தண்ணீர் லாரியா, குப்பைத் தீயா, டீசலா, புகைபோக்கியா: சென்னை எதில் பணம் போட வேண்டும்?

காற்றைச் சுத்தப்படுத்தவென்று ஒதுக்கிய பணத்தை ஒரு மாநகராட்சி எதில் செலவழிப்பது? சாலையைப் பெருக்கும் இயந்திரம் வாங்கலாம், தண்ணீர் தெளிக்கும் லாரி ஓட்டலாம். தெருமுனையில் குப்பை எரிவதை நிறுத்தலாம். பழைய டீசல் வண்டிகளை ஒழிக்கலாம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைக் கவனிக்கச் சொல்லி மாநில அரசை நெருக்கலாம். நான்குமே செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் குறைப்பது வெவ்வேறு அளவுள்ள துகளை. எந்த அளவுத் துகளைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த நான்கின் வரிசை தலைகீழாகிவிடும். என் வழக்கு இதுதான்: நாம் இப்போது தவறான அளவை எண்ணிக்கொண்டிருக்கிறோம், அதனால் பணம் தவறான இடத்துக்குப் போகிறது.

தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. இன்று அதில் 130 நகரங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு. காற்றில் மிதக்கும் துகளை 2025-26க்குள் 40 சதவீதம் வரை குறைப்பது இலக்கு. நகரங்களுக்கு மதிப்பெண் போடுவதும் அதையொட்டிப் பணம் தருவதும் பிஎம்10 அளவை வைத்துத்தான். அதாவது, 10 மைக்ரானும் அதற்குக் கீழுமுள்ள எல்லாத் துகள்களின் மொத்த எடையை வைத்து. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விளைவு என்ன? டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 10,566 கோடி ரூபாயில் 64 சதவீதம் சாலைத் தூசிக்குப் போயிருக்கிறது. குப்பை, விறகு, சருகு போன்றவை எரிவதைத் தடுக்க 14.5 சதவீதம். வாகனங்களுக்கு 12.6 சதவீதம். தொழிற்சாலைகளுக்கு 0.6 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லை.

அதிகாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எடையைக் குறைத்தால்தான் பணம் என்றால், யாராக இருந்தாலும் கனமான துகளைத்தான் துரத்துவார்கள். 10 மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகளின் எடை, அதே அடர்த்தி கொண்ட 0.1 மைக்ரான் துகள்கள் பத்து லட்சத்தின் எடைக்குச் சமம். விட்டம் நூறு மடங்கு, கன அளவு பத்து லட்சம் மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. பூசணிக்காயையும் கடுகையும் ஒரே தராசில் போட்டுவிட்டு, கடுகு எவ்வளவு குறைந்தது என்று முள்ளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

துகளின் அளவு மூன்று விஷயங்களைத் தீர்மானிக்கிறது. முதலாவது, அது எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும் என்பது. அசைவற்ற காற்றில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்தரை நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் வேண்டும். 0.1 மைக்ரான் துகளுக்கோ இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. தெருவில் காற்று அசையாமல் நிற்பதில்லை என்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் எது அந்தத் தெருவிலேயே விழும், எது ஊர் தாண்டிப் போகும் என்பது விளங்கும். இரண்டாவது, உடம்பில் எங்கே போய் நிற்கும் என்பது. பெருந்துகள்களில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடுகின்றன. 2.5 மைக்ரானுக்குக் கீழானவை மூச்சுக்குழலின் கிளைகளைத் தாண்டி உள்ளே போகின்றன. 0.1 மைக்ரானுக்கும் கீழான மீநுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகளில் படிகின்றன. அவற்றில் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. மூன்றாவது, அது எப்படிப் பிறந்தது என்பது. உடைந்தும் தேய்ந்தும் அரைபட்டும் உண்டாகும் துகள் பெரிது. எரிந்து உண்டாகும் துகள் சிறிது. வாயு குளிர்ந்தும், காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்தும் உண்டாகும் துகளும் சிறிது. இயற்கையில் 2 மைக்ரானைச் சுற்றிய இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அதற்கு மேலே இருப்பவை தேய்மானத்தின் பிள்ளைகள், கீழே இருப்பவை நெருப்பின் பிள்ளைகள். பிஎம்2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும், என்ற கோடு அந்தப் பள்ளத்துக்கு அருகில் போடப்பட்டதால்தான் அது பயனுள்ள கோடாக இருக்கிறது.

முதலில் சாலைத் தூசி, பணம் அங்கேதான் போகிறது என்பதால்.

சாலையில் கிடக்கும் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான பொடிதான் சிக்கல். டயர் அதை அரைத்து, வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று அதைக் கிளப்பிவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருக்கும் கணக்கின்படி, தார்ச்சாலையிலிருந்து கிளம்பும் பிஎம்10 தூசியில் 2.5 மைக்ரானுக்குக் கீழான பங்கு எடையில் கால்வாசி. மண் சாலையில் அது இன்னும் குறைவு. அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: வண்டிகளின் சராசரி எடை இரட்டித்தால் கிளம்பும் தூசியும் ஏறக்குறைய இரட்டிக்கும். டிப்பர் லாரியும் கன்டெய்னர் டிரெய்லரும் ஓடும் எண்ணூர் விரைவுச்சாலையையும், ஸ்கூட்டர் ஓடும் பெசன்ட் நகர்த் தெருவையும் ஒரே அட்டவணையில் பெருக்குவது ஏன் வீண் என்பதற்கு இதுவே காரணம்.

தூசி தீங்கற்றது என்று யாரும் சொல்ல வேண்டாம். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. பிரேக் தேய்ந்து உதிர்ந்த செம்பு, ஆன்டிமனி, பேரியம் இருக்கின்றன. ஆஸ்துமாக்காரருக்குப் பெருந்துகளே போதும். அதிகாலையில் மேம்பாலத்தின் ஓரத்தில் துடைப்பத்தோடு நிற்கும் தூய்மைப் பணியாளருக்கு இந்தத் தூசி பாடப்புத்தகச் செய்தி அல்ல. எனவே கேள்வி தூசியைக் குறைப்பதா இல்லையா என்பதல்ல, எப்படி என்பதுதான்.

இங்கேதான் தண்ணீர் லாரிக்கும் எனக்கும் தகராறு. சித்திரை வெயிலில் தார்மேல் தெளித்த தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சென்னைவாசிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ந்ததும் பொடி அங்கேயேதான் இருக்கும். அடுத்த லாரி வரும்வரை அது மறுபடியும் பறக்கும். வானத்தை நோக்கிப் பனிபோல் நீரைப் பீய்ச்சும் பீரங்கிகள் இன்னும் மோசமான முதலீடு. நீர்த்துளி ஒரு துகளைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. பெரிய துகள் தன் வேகத்தில் நேராக வந்து துளியில் மோதும். மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகளின் இடியில் தள்ளாடித் தள்ளாடித் துளியில் ஒட்டும். 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளவை இரண்டுக்கும் அகப்படாமல் காற்றோடு சேர்ந்து துளியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மழையும் இதே காரணத்தால்தான் தூசியைக் கழுவும் அளவுக்குப் புகையைக் கழுவுவதில்லை. வடகிழக்குப் பருவமழையாலேயே முழுதாக முடியாத வேலையை, ஒரு சந்திப்பில் நிற்கும் பீரங்கி செய்துவிடும் என்று நம்பப் பெரிய மனது வேண்டும்.

பெருக்கும் இயந்திரத்திலும் தரம் பார்க்க வேண்டும். துடைப்பச் சக்கரம் மட்டும் சுழலும் வண்டி மணலை அள்ளிவிட்டுப் பொடியைக் காற்றுக்குத் தருகிறது. உறிஞ்சி, வடிகட்டி, நுண்பொடியைப் பிடித்துவைக்கும் வண்டிதான் வாங்கத் தகுந்தது. அதைவிடவும் நல்லது, பொடி சாலைக்கு வரும் வழியை அடைப்பது. தாருக்கும் நடைபாதைக்கும் இடையே மண்ணாக விட்டிருக்கும் ஓரத்தை மூடுவது. குடிநீருக்கும் கேபிளுக்கும் மெட்ரோவுக்கும் தோண்டிய பள்ளத்தை உடனே தார் போட்டு அடைப்பது. எம்-சாண்ட் ஏற்றிய லாரிக்குத் தார்ப்பாய் கட்ட வைப்பது. கட்டட வேலை நடக்கும் இடத்தின் வாசலில் டயரைக் கழுவி அனுப்புவது. இவற்றுக்கு ஒரு முறை செலவு செய்தால் போதும், நாள்தோறும் டீசல் ஊற்ற வேண்டியதில்லை. ஆம், தண்ணீர் லாரியே ஒரு டீசல் வண்டி என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அடுத்தது குப்பைத் தீ. நான்கில் என் வாக்கு இதற்குத்தான்.

சருகும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் காற்றோட்டம் குறைவாக, குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது வரும் துகள்களில் பெரும்பகுதி 0.1 முதல் 0.5 மைக்ரான் வரை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் இந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் எதிர்வீடு மறைவது இதனால்தான். தை பிறக்கும் சமயத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோட்டதுபோல் நிற்கிறது, ஈரப்பதமும் அதிகம். புகைத்துகள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் பார்வைத் தொலைவு குறைந்து, வர வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஊர் முழுவதும் எரிந்த பழைய பொருட்களின் எடை ஒன்றும் பிரமாதமில்லை. அளவு பொருந்தியது, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் எரிவதில் இன்னொரு வினையும் இருக்கிறது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காற்றிலிருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்து, குளிர்ந்த ஈரமான காற்றில், அம்மோனியம் குளோரைடு துகளாகிறது. டெல்லிக் குளிர்காலத்து மூடுபனிப் புகையில் இந்தக் குளோரைடு, துகளைப் பருக்க வைத்துப் பார்வையை மறைப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று சென்னை ஐஐடியின் சச்சின் குந்தே தலைமையிலான குழு 2021இல் காட்டியது. சென்னை டெல்லியைப்போல் குளிர்வதில்லை என்பதால் அதே அளவு விளைவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் தெருமுனைக் குப்பையில் புகையாக வெளியே வருவது மட்டும் கணக்கல்ல, வாயுவாக வந்து பிறகு துகளாக மாறுவதும் கணக்கு என்பதற்கு இது சான்று.

குப்பைத் தீயை முதலில் வைக்க எனக்கு இருக்கும் உண்மையான காரணம் அதன் இடம். புகைபோக்கி 200 மீட்டர் உயரத்தில் விடுகிறது, குப்பைத் தீ முழங்கால் உயரத்தில். எரிப்பது வீட்டுக்கும் பள்ளிக்கும் பக்கத்தில், பெரும்பாலும் காற்று மேலே எழாத அதிகாலையிலும் இரவிலும். வெளியேறும் ஒரு கிராம் துகளில் எவ்வளவு மனிதர் மூச்சுக்குள் போகிறது என்று பார்த்தால், இதற்கு ஈடு சொல்வது கடினம். கட்டுப்படுத்தும் அதிகாரமும் முழுக்க மாநகராட்சியின் கையில் இருக்கிறது, டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை விதித்து, சிறிய அளவுக்கு 5,000 ரூபாயும் பெரிய அளவுக்கு 25,000 ரூபாயும் அபராதம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் அபராதத்தால் மட்டும் இது நிற்காது. அள்ளாத குப்பைதான் எரிகிறது. காலையில் ஒரு முறை வண்டி வந்து போன பிறகு சேரும் சருகையும் கடைக் கழிவையும் யார் எடுப்பது என்ற கேள்விக்கு விடை இல்லாத இடத்தில், தீக்குச்சிதான் விடை. ஆகவே இந்தத் தலைப்பில் செலவு என்பது மாலை நேர வண்டி, சருகுக்குத் தனி உரக்குழி, செம்புக்காகக் கேபிள் எரிப்பவர்களுக்கு உரிக்கும் இயந்திரம், கிடங்குகளில் தீக் கண்காணிப்பு. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்தபோது, அதன் அண்டை வீட்டுக்காரர்களுக்குச் சாலைத் தூசி பெரிய பிரச்சினையாகத் தோன்றியிருக்காது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கும் இந்த அளவுகோலைப் பொருத்திப் பாருங்கள். நல்ல துணிப்பை வடிகட்டிகள் நுண்துகளையும் பிடிக்கும் என்பது உண்மை. ஈரமும் பிளாஸ்டிக்கும் பிரிக்காமல் வரும் குப்பையை, ஆண்டு முழுவதும், வடிகட்டியைத் தவிர்க்காமல் ஓட்டுவார்களா என்பதுதான் வடசென்னைக்காரர்களின் சந்தேகம். அது நியாயமான சந்தேகம்.

மூன்றாவது, டீசல்.

எடையை வைத்துப் பார்த்தால் டீசல் புகை தோற்கும். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஜெயிக்கும். டீசல் எஞ்சினிலிருந்து வரும் கரித்துகளில் பெரும்பாலானவை 20 முதல் 100 நானோமீட்டருக்குள். ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தது ஒரு மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2012இல் சேர்த்தது. மீநுண்துகளுக்கு அந்த நிறுவனம் கட்டாய வரம்பு எதையும் வைக்கவில்லை. ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் நாள் சராசரி 10,000க்கு மேல் போனால் அதை உயர்ந்த அளவாகக் கொள்ளலாம் என்று 2021இல் வழிகாட்டியது. நம் தேசியத் தரநிலை 2009இல் போடப்பட்டது. அதில் பிஎம்10 உண்டு, பிஎம்2.5 உண்டு, துகள் எண்ணிக்கை என்ற பத்தியே கிடையாது.

எடைக்கும் எண்ணிக்கைக்கும் எவ்வளவு தொலைவு என்பதற்கு லண்டன் நல்ல எடுத்துக்காட்டு. 2007 இறுதியில் அங்கே டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு, இறங்கியது. மேரிலிபோன் சாலையோரத்தில் துகள் எண்ணிக்கை சில மாதங்களில் பாதிக்கும் கீழே போனது. எடைக் கணக்கில் அதற்கு ஈடான வீழ்ச்சி எதுவும் தெரியவில்லை. பிஎம்10க்கு மட்டும் மதிப்பெண் போடும் ஓர் அதிகாரி அங்கே இருந்திருந்தால், அந்த நடவடிக்கை தோல்வி என்று கோப்பில் எழுதியிருப்பார். இந்தியா அதே 10 பிபிஎம் டீசலுக்கு, வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதியோடு, 2020 ஏப்ரல் 1 அன்று மாறியது. அது ஊரடங்கின் இரண்டாவது வாரம். சாலையில் வண்டியே இல்லாத நாளில் வந்த எரிபொருளுக்கு யார் நன்றி சொல்வது?

பிஎஸ்-6 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடக்கூடிய துகள் எடை 4.5 மில்லிகிராம், பிஎஸ்-4இல் அது 25. எண்ணிக்கைக்கும் முதல் முறையாக வரம்பு வந்தது. வண்டியில் துகள் வடிகட்டி இல்லாமல் அந்த வரம்பைத் தொட முடியாது. ஆக, புதிய வண்டியைப் பற்றிய கவலை குறைவு. கவலை பழைய லாரியைப் பற்றியும், வடிகட்டியைக் கழற்றிவிட்ட புதிய வண்டியைப் பற்றியும். நம் புகைச் சான்றிதழ்ச் சோதனை டீசல் புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டுமே பார்க்கிறது. வடிகட்டி உடைந்த வண்டியும் அதில் சுலபமாகத் தேறிவிடும். இதைக் கண்டுகொண்டுதான் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி மூன்றும் 2022, 2023இல் துகளை எண்ணும் கருவிக்கு மாறின. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகிற வழியில் அப்படிப்பட்ட கருவிகளோடு சில சோதனைச்சாவடிகள் இருந்தால், அதே விலைக்கு வாங்கும் நீர்ப்பீரங்கிகளைவிட அவற்றால் பயன் அதிகம் என்பது என் கணிப்பு.

மீநுண்துகளுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: அது தொலைவு போவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்தில் 2002இல் வெளியான அளவீடுகளில், 300 மீட்டர் தள்ளிப் போனதும் எண்ணிக்கை பின்னணி அளவுக்கு இறங்கிவிட்டது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதும் காற்றில் கலந்து நீர்த்துப்போவதும் காரணம். நடைமுறையில் இதன் பொருள், திருவொற்றியூரில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்கு முதல் வீட்டில் இருப்பவருக்கும் ஐந்தாம் தெருவில் இருப்பவருக்கும் வேறு வேறு காற்று. நகரச் சராசரி இருவருக்கும் பொருந்தாது. லாரி நிறுத்தும் இடத்தைப் பள்ளியிலிருந்து தள்ளி வைப்பது காற்றுக் கொள்கைதான். போக்குவரத்துக் கொள்கை மட்டும் அல்ல.

மின்சாரப் பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. புகைக்குழாய் இல்லாததால் நிறுத்தத்தில் நிற்பவரின் முகத்துக்கு நேரே வரும் மீநுண்துகள் பூஜ்யம். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்மானமும் குறையும். டயர் தேய்வதும் சாலைப் பொடி கிளம்புவதும் அப்படியேதான் இருக்கும். பேட்டரி எடையால் சற்றுக் கூடலாம். ஐரோப்பாவின் யூரோ-7 விதி பிரேக் தூசிக்கே தனி வரம்பு வைத்துவிட்டது: சாதாரணக் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் காருக்கு 3. ஆகவே பிஎம்10 கணக்குப் புத்தகத்தில் மின்சாரப் பேருந்து பெரிய வீரனாகத் தெரியாது. அதற்காக அதை ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு.

நான்காவது, வடசென்னையின் புகைபோக்கிகள். ஓர் அனல்மின் நிலையம் இரண்டு அளவுகளில் மாசு தருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலக்கரிச் சாம்பல் பெரிது. துகளுக்கு மின்னேற்றி இழுத்துப் பிடிக்கும் மின்நிலை வடிகட்டிகள் அதன் எடையில் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கின்றன, ஆனால் அவை மிகவும் தடுமாறுவது 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களில்தான். பிடித்த சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டும் குளங்கள் காய்ந்தால், எண்ணூர்க்காரர்களின் மாடியில் படிகிற பொடி அங்கிருந்தும் வருகிறது. அது முதல் பங்கு. இரண்டாவது பங்கு வாயுவாகப் போகிறது. சல்ஃபர் டை ஆக்சைடு சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை காற்றில் மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட்டாகிறது. அதன் அளவு ஒரு மைக்ரானுக்குக் கீழே. விழாது, மழை பெய்தாலொழியப் போகாது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும்.

கந்தகத்தைக் கழுவும் கருவி வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி போட்டது. கெடு பல முறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தக் கட்டாயமே நீக்கப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் உள்ளவை போன்ற சில மட்டும் விதிக்குள் நிற்கின்றன. காற்றில் சல்ஃபர் டை ஆக்சைடு அளவு வரம்புக்குள்தானே இருக்கிறது, பிறகெதற்குக் கருவி என்பது வாதம். வாயு அளவைப் பார்த்துவிட்டுத் துகளைப் பார்க்காத வாதம் இது. வாயு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், அது வழியிலேயே பிஎம்2.5 ஆகிவிட்டதுதான். அங்கே யாரும் அதை மின்நிலையத்தின் பெயரில் எழுதுவதில்லை.

பிஎம்2.5 எடையை மட்டும் வைத்து நீண்டகாலத்துக்கு யோசித்தால், இந்த நான்காவதுதான் முதலிடம் பெற வேண்டும். ஆனால் மாநகராட்சி மேயர் இதில் கையெழுத்திட முடியாது. நகரப் பணத்தால் தீராத ஒன்றை நகரப் பட்டியலில் எழுதி வைப்பது கணக்குக்கு அழகு, காற்றுக்கு அல்ல. இதற்கான அழுத்தம் மாநில அரசிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் போக வேண்டும்.

சரி, எந்த மூலத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்று ஆராய்ச்சியாளர்களைக் கேட்டு முடிவெடுக்கலாமே என்று தோன்றும். கேட்டிருக்கிறார்கள். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் நகரச் சாலையோரம் ஒன்றில் எடுத்த மாதிரிகளை இரண்டு கணித முறைகளில் பகுத்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு முறையில், பிஎம்10, பிஎம்2.5 இரண்டிலும் ஏறக்குறைய பாதி டீசல் புகை. இன்னொரு முறையில், பிஎம்10இல் முதலிடம் கடல் உப்புக்கு, சுமார் 40 சதவீதம்; பிஎம்2.5இல் முதலிடம் வாயுவிலிருந்து பிறந்த இரண்டாம் நிலைத் துகள்களுக்கு. ஆய்வாளர்கள் மேல் பிழை இல்லை. ஒரு முறை ஒவ்வொரு மூலத்தின் வேதி முகவரியையும் முன்கூட்டியே கொடுத்துத் தேடுகிறது, மற்றது மாதிரிகளிலிருந்தே முகவரியைக் கண்டுபிடிக்க முயல்கிறது. ஆனால் இரண்டாவது முறை ஒரு விஷயத்தைக் காட்டுகிறது: பெரிய துகளில் முந்துவதும் சிறிய துகளில் முந்துவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கடற்கரை நகரத்தில் பிஎம்10ஐ வைத்து மதிப்பெண் போடுவது வங்காள விரிகுடாவுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுவதாகும். உப்புக் காற்று நன்றாக வீசிய ஆண்டில் கமிஷனர் என்ன செய்வார்?

வாசகர் தாமே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மணலி, வேளச்சேரி, ஆலந்தூர், கொடுங்கையூர், ராயபுரம், பெருங்குடி, அரும்பாக்கம் ஆகிய இடங்களில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் பகுதிக்குப் பக்கத்து நிலையத்தின் பிஎம்2.5ஐ பிஎம்10ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 0.3க்குப் பக்கத்தில் இருந்தால் தூசி அல்லது உப்பு. 0.6ஐத் தாண்டினால் புகை அல்லது இரண்டாம் நிலைத் துகள். மதியமும் அதிகாலையும் வேறு விடை தரும். போகியன்று எழும் விடையைப் பார்த்தால் பிறகு மறக்காது. வீட்டுச் சுவரில் மாட்டும் சிறிய லேசர் கருவியில் இதைச் செய்ய வேண்டாம். அந்த ரகக் கருவி ஒளிச்சிதறலை வைத்து நுண்துகளை மதிப்பிடுகிறது. திரையில் அது காட்டும் பிஎம்10 எண் பெரும்பாலும் ஊகம், 0.3 மைக்ரானுக்குக் கீழே அதற்கு ஏறக்குறைய பார்வையே இல்லை.

பட்டாசை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அதுவும் நுண்துகள்தான், பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கலந்தது. ஆனால் ஓர் இரவின் தலைவலிக்கு ஆண்டுத் திட்டத்தில் இடம் தேவையில்லை. நேரக் கட்டுப்பாட்டை ஒழுங்காக அமல்படுத்தினால் போதும்.

முடிவுக்கு வருகிறேன். சென்னைக்கு நான் பட்ஜெட் போட்டால், ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பதைக் குப்பை எரியாமல் இருக்கச் செலவழிப்பேன். முப்பது டீசலுக்கு: துறைமுகச் சாலைகளில் துகள் எண்ணும் சோதனை, மாநகராட்சியின் சொந்தப் பழைய வண்டிகளை மாற்றுவது, மருத்துவமனை, அலுவலக ஜெனரேட்டர்களுக்கு வடிகட்டி. இருபது தூசிக்கு, அதுவும் சாலையோரம் மூடவும் பள்ளம் அடைக்கவும் மட்டும். தண்ணீர் லாரிக்கு ஒரு பைசாவும் இல்லை. மீதிப் பத்தில் இரண்டு, மூன்று இடங்களில் மீநுண்துகள் எண்ணும் கருவி வைப்பேன். ஒன்று கட்டாயம் எண்ணூர் விரைவுச்சாலையில். மத்திய அரசிடம் கேட்பது ஒன்றுதான்: மதிப்பெண்ணை பிஎம்2.5க்கு மாற்றுங்கள். அதை மாற்றாமல் மேலே சொன்ன பங்கீட்டைச் செயல்படுத்தும் ஆணையர் மதிப்பெண் இழப்பார், அடுத்த ஆண்டுப் பணத்தையும் இழப்பார்.

இதே பங்கீட்டை மதுரைக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே கடல் உப்பு இல்லை, பக்கத்தில் பெரிய அனல்மின் நிலையமும் இல்லை. வறண்ட மண், அகலப்படுத்திக்கொண்டே இருக்கும் சாலைகள், குவாரி லாரிகள் எல்லாம் சேர்ந்து தூசியின் நியாயமான பங்கை உயர்த்துகின்றன. அங்கே தூசிக்கும் குப்பைக்கும் சரிபாதி தருவேன். தூத்துக்குடியில் உப்பளமும் அனல்மின் நிலையமும் துறைமுகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. அங்கே பணம் போடுவதற்கு முன், உப்பைக் கழித்துவிட்டு எவ்வளவு மிஞ்சுகிறது என்று வேதிப் பகுப்பாய்வு செய்யாமல் ஒரு லாரிகூட வாங்கக் கூடாது.